வேண்டாமென்று சொல்லும் வலிமை

புதிதாக விடுதலை பெற்ற தேசங்களெல்லாம் முதன்முதலில் உச்சரித்த சொற்களில் ஒன்று தன்னிறைவு. மேடையிலே அதைச் சொல்லாத தலைவருமில்லை. கேட்டுக் கைதட்டாத கூட்டமுமில்லை. ஆனால், அதன் பொருள் யாது என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது. வேண்டியதனைத்தையும் தாமே விளைத்து, தாமே செய்து, பிறரிடம் ஒன்றும் வாங்காதிருப்பதா தன்னிறைவு? அப்படியாயின், கடை வைத்துப் பிழைக்கும் நம்மவரில் ஒருவர்கூடத் தன் காலில் நிற்பவரல்லர். அரிசி ஓரிடம், மிளகு ஓரிடம், துணி ஓரிடம் என்று வாங்கி விற்று வாழ்பவர்தாமே நாம்! வாங்குவது இழிவன்று. வாங்குமிடத்திலே தலை குனிய வேண்டி வருகிறதா என்பதே கேள்வி.

1966-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முந்திய ஆண்டு இந்தியாவில் மழை பொய்த்திருந்தது, அவ்வாண்டும் பொய்த்தது. 1956 முதல் அமெரிக்கா தனது உபரிக் கோதுமையைப் ‘பொதுச் சட்டம் 480’ என்ற ஏற்பாட்டின்படி இந்தியாவுக்குக் கொடுத்து வந்தது. விலையை டாலராகக் கேட்கவில்லை. ரூபாயாகவே பெற்று, அதில் பெரும்பகுதியைக் கடனாகவும் கொடையாகவும் இந்தியாவிலேயே விட்டு வைத்தது. இதைவிட இனிய வியாபாரம் உண்டா? ஆனால், கோதுமை எளிதாக வந்துகொண்டிருந்ததனால் சொந்த உழவனைக் கவனிக்கும் அவசரம் சர்க்காருக்கு இல்லாமற் போயிற்று. 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஜனாதிபதி ஜான்சன் கயிற்றைச் சுருக்கினார். நீண்டகால ஒப்பந்தம் கிடையாது. சிறிது சிறிதாக அளந்துதான் கோதுமை. விவசாயக் கொள்கையை மாற்றச் சொன்னார். வியட்நாம் போரைப் பற்றி டில்லி கூறிய கண்டனமும் அவர் மனத்தை உறுத்திற்று. கப்பல் எப்போது வருமென்று ஒரு பெரிய தேசத்தின் அமைச்சர்கள் வழி பார்த்திருந்தார்கள். அன்று வந்த கப்பலைக் கொண்டே அன்றைய அடுப்பு எரிந்தது.

ஜான்சனைக் குறை கூறுவது எளிது. ஆனால், அவர் அனுப்பிய தானியம் பசித்த வயிறுகளை நிறைத்தது மெய். அவர் கேட்ட மாற்றங்களிற் சில இந்தியாவுக்கே நன்மையானவை என்பதும் மெய். அதனாற்றான் இக்கேள்வி கடினமாகிறது. நல்லதையே சொன்னாலும், சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லலாமா?

அப்போது உணவு அமைச்சராயிருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம். அவர் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை 1966-இல் வரவழைத்தார். ‘அந்நிய விதை, அந்நிய உரம், இதுவா தன்னிறைவு?’ என்று எதிர்த்தோர் பலர். அவரோ தமது டில்லி வீட்டுப் புல்வெளியை உழுது அவ்விதையை விதைத்துக் காட்டினார். (1967 தேர்தலில் அவர் தோற்றுப்போனார், அரசியலின் நன்றி அவ்வளவுதான்.) 1964-65-இல் ஒரு கோடியே 23 இலட்சம் டன்னாயிருந்த கோதுமை விளைச்சல் 1970-71-இல் இரண்டு கோடியே 38 இலட்சம் டன்னாயிற்று. 1971 டிசம்பரில், வங்காளதேசப் போரின்போது, அமெரிக்கா பொருளுதவியை நிறுத்திற்று. டில்லி அசையவில்லை.

பிறர் தந்த கோதுமை தேசத்தைப் பணிய வைத்தது. பிறர் தந்த விதையோ அதை நிமிர்த்தியது. இரண்டும் வெளியிலிருந்து வந்தவைதாம். ஆனால் ஒன்று உண்டதும் தீர்ந்து, மறுபடியும் கையேந்த வைத்தது. மற்றது அவர்கள் மண்ணிலேயே முளைத்தது.

ஆயினும், தேசம் நிமிர்ந்தால் தேசத்தாரெல்லாம் நிமிர்ந்துவிட்டார்கள் என்று எண்ணலாகாது. பாசன வசதியில்லாத ஏழை உழவனுக்கு அப்புதிய விதையால் ஆரம்பத்தில் பயன் குறைவே. இதைவிடக் கசப்பான பாடம் ஆப்பிரிக்காவிலே, தான்சானியாவில் நடந்தது.

அத்தேசத்தின் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் நேர்மையை நாம் மதிக்கிறோம். கிழக்கு ஜெர்மனிக்குத் தான்சானியாவில் தூதரக அலுவலகம் கூடாதென்று 1965-இல் மேற்கு ஜெர்மனி இராணுவ உதவியை நிறுத்தியபோது, மற்ற உதவிகளையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு ரொடீஷியா விஷயத்தில் பிரிட்டனோடு உறவை முறித்து, வரவிருந்த கடனையும் இழந்தார். 1967 பிப்ரவரி 5-இல் அருஷா பிரகடனம் வெளியாயிற்று: அந்நியர் பணத்தை நம்பாமல், நம் மக்களையும் நிலத்தையும் உழைப்பையும் நம்புவோம் என்பது அதன் சாரம். குடியானவர்கள் ஒன்றுகூடி உழும் ‘உஜாமா’ கிராமங்களுக்கு ஜனங்களை அழைத்தார். வந்தவர் சிலரே. 1973-இல் அழைப்பு கட்டளையாயிற்று. 1976 முடிவதற்குள் நாட்டுப்புறத்தார் அனைவரும் கிராமங்களில் குடியேறியாக வேண்டும். இலட்சோப இலட்சம் குடும்பங்கள் இடம் பெயர்க்கப்பட்டன. திரும்பி வராதிருக்கச் சில இடங்களில் அவர்கள் குடிசைகளுக்கே தீ வைத்தார்கள். விளைநிலம் ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. வறட்சியும் சேர்ந்துகொண்டது. தன்னிறைவைப் பிரகடனம் செய்த தேசம் 1974, 1975-இல் ஏராளமான தானியத்தை வெளியிலிருந்து வாங்கிற்று.

வல்லரசுகளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த மனிதர், தம் குடியானவன் அதே சொல்லைச் சொன்னபோது கேட்கவில்லை. கள்ளமில்லாதவர், எளிய வாழ்வினர், பிள்ளைகளுக்குக் கல்வியளித்தவர். அவராலேயே இது நேர்ந்தது என்பதுதான் நம்மைக் கலங்க வைக்கிறது.

இங்கே நம் வாசலுக்கும் இக்கேள்வி வந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்திற்று. செப்டம்பர் முதல் தேதி மலேசியாவில் இறக்குமதி அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. பத்துக் கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டிய உள்ளூர் அரிசியோ கடைத் தட்டுகளிலிருந்து மறைந்தது. நம்மவர் உணவகங்கள் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறகு சர்க்காரோடு சர்க்கார் பேசி, சிங்கப்பூருக்கு 50,000 டன்னும் மலேசியாவுக்கு 1,70,000 டன்னும் விசேஷமாக அனுமதிக்கப்பட்டன. 2024 செப்டம்பரில் தடை நீங்கிற்று. ஒரு காலத்தில் கப்பலுக்குக் காத்திருந்த தேசத்தின் கதவிலே இப்போது நாம் காத்திருந்தோம். தன் மக்களுக்கு முதலில் சோறு என்று அது கருதியதை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் 1966-ஐ அங்கே யாரேனும் ஒருவர் நினைத்துப் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவ்வேளை ‘நாமே விளைவிப்போம்’ என்று இங்கும் பலர் பேசினார்கள். நல்லதே. மலேசியா உண்ணும் அரிசியில் பாதிக்குச் சற்று மேல்தான் இங்கே விளைகிறது. ஆனால் 26 வெள்ளி அரிசியை நாம் மலிவாக உண்ணும்போது, அம்மலிவின் பாரத்தைக் கெடாவிலும் பெர்லிஸிலும் சேற்றில் நிற்கும் விவசாயி சுமக்கிறார். நெல்லைக் கொண்டுபோனால் ஈரமென்றும் பதரென்றும் ஆலைக்காரர் எடையில் கழிக்கிறார். அவர் கழித்ததுதான் கணக்கு. அறுத்த நெல்லை வைத்திருக்க இடமில்லாதவர் அந்த விலை வேண்டாமென்று எங்கே திருப்பிக்கொண்டு போவார்? 2025 பிப்ரவரியில் நெல்லின் அடிப்படை விலை டன்னுக்கு 1,300 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்த இருநூறு வெள்ளியில் எவ்வளவு அவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை, தன்னிறைவைப் பற்றி அடுத்த முறை மேடையேறுபவர் முதலில் விசாரித்து வரட்டும்.