விளையாட்டும் கூலியும்

விளையாட்டுக்குக் கூலி வாங்குவது இழிவா என்ற கேள்வியை நம் ஆசிரியர் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. இழிவுதான் என்று முன்னரே தீர்த்துவிட்டனர். பந்தை ஆசைக்கு ஆடு, படிப்பைக் கொண்டு பிழை என்பது அவர்கள் மாணவனுக்குக் கூறும் புத்திமதி. சொறிக்கல்முனையில் அறுவடை முடிந்த வயலில் மட்டையும் பந்துமாக நிற்கும் சிறுவனும் அதைக் கேட்டே வளர்கிறான். அதே சிறுவன் இரவில் கைப்பேசியில் வீரர்கள் ஏலம் போவதையும் பார்க்கிறான். புத்திமதிக்கும் ஏலத்துக்கும் நடுவே அவன் எதைப் பற்றிக்கொள்வது?

அந்தச் சந்தையை எட்டியவர்களில் ஒருவர் நம்மவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அணிக்கு ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த், 19 வயதை எட்டும் தறுவாயில், 2020 டிசெம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காகப் பந்து வீசினார். 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் சன்றைசர்ஸ் ஐதராபாத் அணி 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. மே 8ஆம் திகதி லக்னோ அணிக்கு எதிராக 4 ஓவர்கள் வீசினார். விக்கெற் விழவில்லை, ஆயினும் கொடுத்தது 27 ஓட்டங்களே.

அந்த இடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? அதே அணி 1.5 கோடிக்கு ஏலத்தில் எடுத்திருந்த வனிந்து ஹசரங்கவின் குதிகால் நொந்து, அவரால் ஆட முடியாது போயிற்று. ஒருவரின் வலி மற்றவருக்கு வாசலாயிற்று. இருவர் மீதும் குற்றமில்லை. நம் பகுதியில் வெட்டு இயந்திரம் வருமுன் வெட்டுக்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், மறுநாள் அவரிடத்தில் வேறொருவர் தாக்கத்தியோடு நிற்பார். உடலுழைப்பை விற்கும் எவர்க்கும் இந்த விதி புதிதல்ல. ஏலத்தில் போகிறவனும் உழைப்பாளிதான் என்பதைப் பளபளப்பான சட்டை மறைத்துவிடுகிறது.

அப்படியானால் கூலியில்லா ஆட்டமே தூய ஆட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1962 வரை துடுப்பாட்டக்காரரைக் ‘கனவான்கள்’ என்றும் ‘ஆட்டக்காரர்’ என்றும் பிரித்து, இரு அணிகளாக மோதவிட்டனர். கனவானுக்குச் சம்பளம் கிடையாது, ஆட்டக்காரனுக்கு உண்டு. உடை மாற்றும் அறை வேறு. பெயரை அச்சிடும் முறை கூட வேறு. அந்தக் கனவான்களில் தலையாயவரான டபிள்யூ. ஜி. கிரேஸ், செலவுப் பணம் முதலிய பெயர்களில், கூலி ஆட்டக்காரரை விட அதிகம் பெற்றார் என்பது வேடிக்கை. நிலமும் வருமானமும் உள்ளவன் ஆசைக்கு ஆடலாம். போடியார் வரம்பில் நடந்தால் அது உலாவல். வயற்காரன் நடந்தால் அது வேலை. போடியாரின் உலாவலை ஒழுக்கத்தின் அளவுகோலாக நாம் ஏன் ஏற்க வேண்டும்?

அமெரிக்காவில் இதே தூய்மை வேறு வேடம் பூண்டது. அந்நாட்டு உதைபந்தாட்டத்தில் பந்தைக் கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மனிதச் சுவருக்குள் பாய்ந்து ஓடுவதற்கென்றே ஒருவர் உண்டு. மோதலை அதிகம் வாங்குவது அவர் உடல். தென் கரோலைனாப் பல்கலைக்கழகத்துக்காக அவ்விதம் ஓடியவர் மார்கஸ் லாட்டிமோர். 2011இல் இடது முழங்கால் சிதைந்தது. தேறி வந்தார், 2012இல் வலது முழங்கால் இன்னும் மோசமாகச் சிதைந்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் தொழில்முறை அணி அவரைத் தெரிவு செய்தது. ஆனால் அந்த லீக்கில் ஒரு போட்டியும் ஆடாமலே, 2014 நவம்பரில், 23 வயதில், விலகினார். அவர் முழங்கால்களின் நல்ல ஆண்டுகள், சம்பளம் கொடுப்பதை விதியே தடுத்திருந்த காலத்தில் செலவாகிவிட்டன. அரங்கின் சீட்டுப் பணமும் தொலைக்காட்சிப் பணமும் பல்கலைக்கழகங்களுக்கு. மாணவனுக்குப் படிப்புச் செலவும் உண்டி உறையுளும். தன் பெயரைக் கொண்டு பிறரிடம் சம்பாதிக்க மாணவனுக்கு 2021இல்தான் அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றானது 2025இல்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1955இல் கொலராடோ மாநிலக் கல்லூரி ஒன்றுக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டார். கல்லூரி உதைபந்தாட்டத் தொழில் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. ‘விளையாட்டு’ என்ற சொல் விதவையின் கையிலிருந்த தாளைச் செல்லாததாக்கியது.

ஆயினும் நம் ஆசிரியர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. வியாஸ்காந்த் போல் எட்டியவர் ஒருவர். அதே வயதில் அதே பந்தைப் பிடித்துப் பாதி வழியில் நின்றவர் எண்ணற்றோர். அவர்களுக்குத் தொழிலும் இல்லை, முடித்த படிப்பும் இல்லை. ஆனால் கல்லூரி மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் கேடயங்களை வென்று கொடுத்தவர்கள் அவர்களுந்தாம். கேடயத்தை ஏற்கும்போது கல்லூரி புத்திமதி கூறுவதில்லை. போட்டிக்காகப் பாடத்தைத் தவறவிட்ட மாணவனுக்கு அதனை மீளக் கற்பிப்பதும், முறிந்த காலுக்கு வைத்தியம் பார்ப்பதும் கல்லூரி அவனுக்குப் பட்ட கடன் என்றே நாம் கருதுகிறோம். பெற்றார் தலையில் அதைச் சுமத்துவது முறையல்ல.

விற்கப் போகிறவனைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. தந்தை கூலிக்கு அறுக்கும் வீட்டில், மகனை மட்டும் கூலியின்றி ஆடு என்று எப்படிச் சொல்வது? அவன் கையில் ஒருநாள் ஒப்பந்தத் தாள் வரலாம்; அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். காயம் பட்டால் சம்பளம் எத்தனை நாளுக்கு, வைத்தியச் செலவு யாருடையது, இடைநடுவில் கைவிட்டால் என்ன தருவீர்கள் என்று அவனருகே அமர்ந்து வரிவரியாக வாசித்துக் கேட்க ஒருவர் வேண்டும். சொறிக்கல்முனை போன்ற ஊரில் அதற்கு அவன் தேடி வருவது ஆசிரியர் வீட்டைத்தான்.