நீரூற்று இல்லாத கடலோர மாளிகை

கல்கிசைக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், கடலுக்குள் நீளும் பாறைமுனையின் மேல் வெள்ளைவெளேரென்று ஒரு கட்டடம் தெரியும். மவுண்ட் லவினியா ஹோட்டல். வெள்ளவத்தையில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்துக் கடல் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கு அது யாருடையதோ கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்ட இடம். அதற்கு அத்திவாரம் இட்டவர் பிரித்தானிய ஆளுநர் சேர் தோமஸ் மெயிற்லண்ட். 1805 முதல் 1811 வரை இலங்கையை ஆண்ட அவர், 1806இல் கொழும்புக் கோட்டையை விட்டு விலகி இங்கே வீடு கட்டினார். அரச குலத்தில் பிறவாத இந்த மனிதருக்கு 'கிங் டொம்' என்று பட்டப்பெயர் இருந்தது. அதிகாரத் தோரணை அப்படி.

லொவினா என்ற நடனப் பெண்ணை அவர் காதலித்தார், அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து மாளிகையின் நிலவறைக்குச் சுரங்கம் வெட்டினார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். ஹோட்டலுக்கு நல்ல விளம்பரம். எனக்கு அதைவிடச் சுவையான கேள்வி வேறொன்று: கடலோர அரண்மனை என்றதும் உலகம் எதிர்பார்க்கும் நீரூற்று வரிசைகள் இங்கே ஏன் எழவில்லை?

அப்படிப்பட்ட அரண்மனைக்கு இலக்கணம் வகுத்தது ரஷ்யாவின் பீற்றர்ஹோவ். பின்லாந்து வளைகுடாக் கரையில் மகா பீற்றர் 1714இல் தொடங்கிய வேலை அது. ஏறத்தாழ 150 நீரூற்றுகள். நடுவில் சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலை. அந்த வாயிலிருந்து தண்ணீர் 20 மீற்றர் உயரம் பாய்கிறது. ஒரு பம்பும் கிடையாது. தெற்கே 20 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ரோப்சா மேட்டு ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டி, மேல்தோட்டக் குளங்களில் தேக்கி, அங்கிருந்து குழாய்களில் கீழே விடுகிறார்கள். கீழே இறங்கும் நீர், தான் புறப்பட்ட மட்டத்தைத் திரும்பவும் எட்டப் பார்க்கும். அந்த முயற்சிதான் நீரூற்று. நமக்கும் இது புதிதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் சிகிரியாவில் நிலத்தடிக் குழாய் பதித்து, துளையிட்ட கற்பலகைகள் வழியே நீரை எழுப்பினான். நல்ல மழை பெய்தால் அவற்றில் இன்றும் நீர் எழுகிறது.

இந்த வித்தைக்கு முதுகுப்புறம் உயர்ந்த நிலம் வேண்டும். கல்கிசையில் சங்கதி தலைகீழ். பாறைமுனைதான் மேடு, காலி வீதியைத் தாண்டி உள்ளே போனால் நிலம் தாழ்ந்து பெல்லன்வில, அத்திடிய சதுப்புகளில் போய் முடிகிறது. தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றத்தான் வேண்டும். ஏற்றலாம், வெர்சாய் தோட்டத்துக்காகப் பிரெஞ்சு மன்னன் செய்ன் ஆற்றில் 14 இராட்சதச் சக்கரங்களை ஓடவிட்டான். ஆனால் அது மன்னனின் பணம். ஆளுநர் கணக்குக் காட்ட வேண்டிய உத்தியோகத்தர்.

ஆகவே இந்த வீடு அனுபவித்த சுகம் காற்றுத்தான். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று, வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் கடலிலிருந்து நேரே இந்த முனையில் வந்து மோதும். மின்விசிறி இல்லாத காலத்துக் கொழும்பில் அதன் பெறுமதி பெரிது.

மெயிற்லண்ட் இங்கே வீடு கட்டிய அதே ஆண்டுகளில் உண்மையான அரசன் ஒருவன் கண்டியில் இருந்தான் என்பதை மறந்துவிடுகிறோம். நாயக்க வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807 அளவில் தலதா மாளிகையின் முன்னிருந்த வயல்நிலத்தை ஏரியாக்கத் தொடங்கினான். அதற்கு வைத்த பெயர் 'கிரி முஹுத', அதாவது பாற்கடல். கரையில் மேகம் போல வளைந்து நெளியும் மதில், நடுவில் ஒரு தீவு. மலைக்குள் இருந்தவன் கடலைச் செய்துகொண்டான். அதற்காகக் குடிகளிடம் வாங்கிய கட்டாய வேலை அவன்மீது வெறுப்பையும் வளர்த்தது. 1815இல் கண்டி வீழ்ந்தது. மறு ஆண்டு கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு வேலூருக்குப் போனவன், அங்கேயே 1832இல் இறந்தான்.

கல்கிசை வீட்டை மாளிகையாகப் பெருப்பித்தவர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ், 1824 முதல் 1831 வரை ஆளுநர். கொழும்பு-கண்டி வீதியைப் போட்டவரும் அவரே. வீதி படையை நகர்த்தியது, பின்னர் கோப்பியை இறக்கியது. இலண்டனுக்கு அதன் பயன் புரிந்தது. இரண்டாவது வாசஸ்தலத்துக்குச் செலவழிப்பதை மட்டும் அது விரும்பவில்லை. 1842இல் மாளிகை விற்கப்பட்டது. 1877இல் கரையோர ரயில் பாதை தெற்கே நீண்டபோது ஹோட்டல் வந்தது. அதாவது ஆளுநர் மட்டும் வாங்கிய காற்றை ரயில் டிக்கெட் எடுத்தவர்களும் வாங்கலாயினர். இரண்டாம் உலகப்போரில் இராணுவ ஆஸ்பத்திரியாக இருந்து, 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்திலும் ஆஸ்பத்திரியாகவே நடித்தது.

இத்தனைக்கும் தாக்குப்பிடித்ததற்கு அந்தப் பாறை ஒரு காரணம். மெயிற்லண்டுக்கு முந்திய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், மன்னார்ப் பக்கம் அரிப்பில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கடலோர வீடொன்று கட்டினார். 'டொரிக்' என்பது அதன் பெயர். அது நின்றது இளகிய மண்மேட்டில். கடல் அடியை அரிக்க அரிக்க, செங்கற் சுவர்கள் துண்டு துண்டாகக் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன.

கல்கிசையிலும் பாறைக்குத்தான் அந்தப் பலம். பக்கத்து மணலுக்கு இல்லை. 2020இல் கரையை அகலமாக்கக் கடலடியிலிருந்து மணல் அள்ளி வந்து கொட்டினார்கள். சோளகம் எழுந்ததும் அதில் பெரும்பகுதி கரைந்துபோக, பணம் கடலில் போனதாகப் பெரிய விவாதம் கிளம்பியது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமோ, மணல் எங்கும் போகவில்லை, கடலுக்குள் பரவிக் கிடக்கிறது என்று விளக்கம் சொன்னது.