படகை நிறுத்திவைப்பது யார்?

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீனைத் தேடித் தூண்டிலோடு போகிறவர்களின் படகு முனையில் ஒரு மின்மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். ட்ரோலிங் மோட்டார் என்பார்கள். 1934இல் வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் அதை உருவாக்கியபோது, மீன் மிரளாமல் மெல்ல நகர்வதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். இன்று அதற்குள் ஜிபிஎஸ் கருவியும் மின்னணுத் திசைகாட்டியும் வந்துவிட்டன. கையடக்க ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காற்று தள்ளத் தள்ள மோட்டார் தானாகத் திரும்பி, வேண்டிய அளவு விசை கொடுத்து, படகை அதே இடத்தில் பிடித்துவைக்கிறது. இன்னொரு பொத்தான் படகை ஐந்தடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்திவைக்கும். பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு கண்ணில் பட்டால்தான் இது நடக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே துல்லியம் குறைத்தே கொடுத்துவந்தது. நூறு மீட்டர் வரை பிழை வரக்கூடிய கருவியால் ஒரு படகை நிறுத்த முடியாது. ஆக, இந்த வசதி அதற்குப் பின் வந்த புதியதுதான். அது எழுப்பும் கேள்வியோ மிகப் பழையது: ஓரிடத்தில் நிற்கும் உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட மனிதன், அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறானா?

முன்பு நிற்பது என்பதே ஒரு வேலை. ஆறு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் பிடிக்க வேண்டுமென்றால், ஆழத்தைப்போல் ஏழு மடங்கு கயிறு விடுவது வழக்கம். நாற்பது மீட்டருக்கும் மேல். காற்று எங்கிருந்து வருகிறது, அடியில் சேறா பாறையா, கயிறு இழுபட்டு நின்றபின் படகு எங்கே போய் ஒதுங்கும் என்பதையெல்லாம் கணித்து, மீன் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நங்கூரத்தை இறக்க வேண்டும். நங்கூரம் வேண்டாம் என்றால் நாள் முழுக்க ஒரு பாதம் மோட்டாரின் மிதியில் இருக்கும். இந்த அறிவு ஏரியின் மீதுள்ள அன்பால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. தேவை அதைப் பிடுங்கி வாங்கியது. காற்றைக் கவனிக்காதவன் கரையில் மோதினான். அதனால் எல்லோரும் காற்றைக் கவனித்தார்கள்.

இயந்திரத்தின் மீதான மிகக் கூர்மையான ஐயத்தைச் சீன ஞானி சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதிவுசெய்திருக்கிறது. கன்பூசியஸின் சீடர் ஒருவர், கிணற்றில் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு தோட்டத்துக்குப் பாய்ச்சும் முதியவரைப் பார்த்து, ஏற்றம் வைத்தால் ஒரே நாளில் நூறு பாத்தி நனையுமே என்கிறார். முதியவருக்கு ஏற்றம் தெரியும். இயந்திரத்தோடு பழகுகிறவனுக்கு இயந்திர மனமும் வந்துவிடும் என்பதால் அதைத் தொட வெட்கப்படுவதாகச் சொல்கிறார். நம் காலத்தில் மொண்டானா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த ஆல்பர்ட் போர்க்மன் 1984இல் வெளியிட்ட நூலில் இதையே வேறு கோணத்தில் ஆராய்ந்தார். நவீன சாதனம் பயனை மட்டும் கையில் தருகிறது, அதன் இயக்கத்தைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. சுமை இறங்கும்போது அந்தச் சுமையோடு இருந்த ஈடுபாடும் இறங்கிப்போகிறது என்பது அவர் வாதம்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படியே ஏற்க எனக்கு ஒரு தடை உண்டு. முதியவர் கையில் இருந்த குடமும் ஒரு கருவிதான். குடத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையில் கோடு போடுவதற்குக் காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. கருவி எங்கே தொடங்குகிறது என்று தேடுவதைவிட, கவனம் எங்கே போகிறது என்று தேடுவதே பயன் தரும். ஜிபிஎஸ் மோட்டார் ஒழித்தது கவனத்தை அல்ல, கவனித்தே ஆக வேண்டிய கட்டாயத்தை. முன்பு காற்று வரியாக வசூலித்ததை இனி மனிதன் விரும்பிக் கொடுத்தால்தான் உண்டு. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வேய் 1942இல் பள்ளிப் பாடங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே துணைக்கு வருகிறது. ஒரு வடிவியல் கணக்கோடு நேர்மையாகப் போராடித் தோற்ற மாணவியின் முயற்சி வீணாகவில்லை, அந்தக் கவனம் பின்னாளில் அவளது பிரார்த்தனையில் பலன் தரும் என்கிறார். விடை முக்கியமல்ல என்று ஆனபின்பும் தொடரும் கவனமே அவர் கண்ணில் வழிபாட்டுக்கு நெருக்கமானது. ஐசக் வால்டன் 1653இல் எழுதிய தூண்டில் நூலுக்குத் தியானிக்கும் மனிதனின் பொழுதுபோக்கு என்று துணைத்தலைப்பு வைத்ததும், கிறிஸ்து தம் சீடர்களில் நால்வரை மீனவர்களிலிருந்து தேர்ந்ததை நினைவூட்டியதும் இந்த நம்பிக்கையில்தான். மீன் கிடைக்காத நாளும் அவருக்கு நல்ல நாள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கை விடுபட்டால் கவனம் கூடத்தானே செய்யும்? படகோடு மல்லுக்கட்டாதவன் தூண்டிலின் சிறு அதிர்வையும் உணர்வானே? உணர்வான்; மறுக்கவில்லை. ஆனால் விடுபட்ட கவனம் நடைமுறையில் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். 2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்னும் சோனாரைக் கொண்டுவந்தபின், படகின் முன்னால் நீந்தும் மீனையே திரையில் அசைவோடு பார்க்க முடிந்தது. இயந்திரம் படகைப் பிடித்துக்கொள்ள, தூண்டில்காரரின் கண் திரையிலேயே நிலைத்தது. இதனால் எழுந்த சச்சரவு பெரிது. மேஜர் லீக் ஃபிஷிங் என்னும் போட்டி அமைப்பு தன் 2025ஆம் ஆண்டின் முதன்மைப் போட்டித் தொடரில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே அந்த சோனாரைப் பயன்படுத்தலாம் என்று விதி வகுத்தது. படகை நிறுத்திவைக்கும் மோட்டாரை அந்த விதி தொடவில்லை. தொழில்முறைப் போட்டியாளர்களின் உலகமே, தத்துவம் எதுவும் பேசாமல், உழைப்பைக் குறைக்கும் கருவியையும் பார்வையைக் கைப்பற்றும் கருவியையும் பிரித்துவிட்டது. அந்தப் பிரிவினை சரியென்றே நினைக்கிறேன். மோட்டார் விடுவித்த கண்ணைத் திரை பிடித்துக்கொண்டால் தூண்டில்காரருக்கு மிஞ்சுவது இலக்கு ஒன்றுதான், ஏரி மிஞ்சாது.

நங்கூரத்தின் பக்கம் நின்று பழமையைப் போற்றுவதும் நியாயமாகாது. ஃப்ளோரிடா கீஸ் போன்ற இடங்களில் நங்கூரம் உழுத கடற்புல் மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். அடியைத் தொடாமல் நிற்கும் படகு அந்தப் புல்லுக்குச் செய்யும் நன்மை சிறியதல்ல. மூட்டுவலியால் மிதியை மிதிக்க முடியாதவருக்கும், துணையில்லாமல் தனியே போகிறவருக்கும் இந்த மோட்டார் ஏரியைத் திருப்பித் தந்திருக்கிறது. அவர்களிடம் போய்க் குடத்தைத் தூக்கச் சொல்வது கொடுமை.

கேட்கத் தெரிந்தவருக்கு அந்த மோட்டாரே ஏரியைப் பற்றிப் பேசவும் செய்கிறது. காற்று வலுத்தால் சுழலியின் ஒலி உயர்கிறது, தணிந்தால் இறங்குகிறது. மோட்டார் முனையில் இருப்பதால் முனை காற்றை நோக்கி நிற்க, பின்பக்கம் மெல்ல ஊசலாடுகிறது. 36 வோல்ட்டில் 112 பவுண்டு விசை தரும் மோட்டாராலும் காற்றை இல்லாமல் செய்ய முடியாது. பதில் சொல்லத்தான் முடியும். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பவர் இன்னும் அந்த இடத்தில் இருக்கிறார். ஆனால் ஒன்றை இந்தக் கருவி தன்னளவில் தர முடியாது. குறித்துவைத்த புள்ளிக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவதால், ஏற்கெனவே தெரிந்த இடத்தையே அது காட்டுகிறது. காற்று மிதமாக இருக்கும் காலைகளில் மோட்டாரை நீரிலிருந்து தூக்கி மடக்கிவைத்துவிட்டுப் படகை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டால், யாரும் குறித்துவைக்காத பாசித்திட்டுகளின் மேலும், வரைபடம் காட்டாத மேடுகளின் மேலும் அது போகும். அவற்றில் பலவற்றில் மீன் இருக்காது.