பரலும் கேள்வியும்

தவறான தீர்மானத்துக்குப் போதிய தகவல் இல்லாததே காரணம் என்று சொல்வது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. 'தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்' என்றதும் குற்றம் பாதி கரைந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நாம் மன்னித்து வந்திருப்பதும் இப்படித்தான்: பொற்கொல்லன் பொய் சொன்னான், அரசன் நம்பினான்.

காவியம் அவனை இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. வழக்குரை காதையில், கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், தன் தேவியினுடையது முத்து என்று உடனே சொல்ல அவனால் முடிகிறது. ஒரு சிலம்பை உடைத்துப் பார்ப்பதுதான் பாக்கி. ஆக, தகவல் அவனிடம் இருந்தது. அதைத் தேடும் கேள்விதான் இல்லை.

ஏன் இல்லை? ஆடல் மகளிரிடம் அவன் மனம் போயிற்றென்று ஊடி, தலைநோவைச் சாக்கிட்டு எழுந்துபோன தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். அந்த வேளையில் சிலம்பு ஒரு வழக்கின் தடயமல்ல, ஊடலுக்கு மருந்து. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று, அதைக் கொண்டுவர வேண்டும் என்பது ஆணை. நிபந்தனை இருப்பதால் நியாயம் போலத் தோன்றுகிறது. ஆனால் 'கள்வன்' என்ற சொல்லிலேயே தீர்ப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது.

கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம் முதலாகக் கள்வரின் எட்டுச் சாதனங்களை விவரிக்கிறான். அதன்பின் கோவலனின் குற்றமற்ற தோற்றமே தேர்ந்த கள்வனின் அடையாளமாகிவிடுகிறது. தகவல் மாறவில்லை, அதன் அர்த்தம் மாறிவிட்டது.

இதைப் பழைய அரசர்களின் காரியம் என்று ஒதுக்க முடியாது. பொய் சொல்ல ஆளே இல்லாத இடத்திலும் இது நடக்கும். 1986 ஜனவரி 27 இரவு, சாலஞ்ஜர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர்கள், அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று டெலிபோனில் வாதாடினார்கள். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்பது அவர்கள் பயம். பழுது கண்ட பயணங்களை மட்டும் வைத்துப் பார்த்ததில் குளிரின் பங்கு துலங்கவில்லை. பழுதில்லாதவற்றையும் சேர்த்து விசாரணைக் கமிஷன் பின்னால் பார்த்தது: இணைப்பின் வெப்பம் 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-ல் பழுது, 63-ம் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலும். இந்தக் கணக்கு முன்பே கைவசம் இருந்ததுதான். ஆனால் பத்திரம் என்று மற்றவர்கள் நிரூபிப்பதற்குப் பதில், ஆபத்து என்று என்ஜினீயர்கள் நிரூபிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் 73-வது வினாடியில் கலம் சிதறியது. அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள்.

கடன் மனுக்களைப் பார்ப்பது என் பிழைப்பு. படிவம் கேட்டதற்குமேல் ஒன்றும் கேட்காமல் 'சிபாரிசு இல்லை' என்று நான் எழுதிய மனுக்கள் எத்தனையோ. எல்லாம் விதிப்படி சரி.

பாண்டியன் கடைசியில் பொற்கொல்லனைச் சொல்கிறான்; ஆனால் குற்றத்தை அவன்மேல் போடவில்லை. அவன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்கிறான். தமிழில் 'கேட்பது' என்றால் செவிகொடுப்பது, வினவுவதும்தான். முன்னதைச் செய்து பின்னதை விட்டவன் அவன். அதற்குச் சூழலைக் காரணம் காட்டாமல் அவன் செத்துப்போனான்.