காற்று யாருடையது?

2030ஆம் ஆண்டளவில் இலங்கையின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்களிலிருந்து பெறுதல் வேண்டும் என்பது அரசின் இலக்காகும். இவ்விலக்கு நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற் வலுக்கொண்ட அனல் மின்நிலையம் இறக்குமதி நிலக்கரியை எரிக்கின்றது. அதன் விலையை நாடு முழுவதும் செலுத்துகின்றது. தூசியையும் சாம்பலையும் சுமப்பன அயற்கிராமங்களே.

ஆயின், துப்புரவான மின்சாரம் என்பதனாலேயே அது நீதியான மின்சாரம் ஆகிவிடுமா?

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை 2020இல் 30 காற்றாலைகளை நிறுவிற்று. அவற்றின் மொத்த வலு 103.5 மெகாவாற். மேலும் காற்றாலைகளை நிறுவ முற்பட்டபோது, 2025 ஓகஸ்ட்டில், தீவு மக்கள் வீதியில் இறங்கி, உபகரணங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்தனர். மழைநீர் வடியும் வழி அடைபடுவதாகவும், கரையோர மீன்வளம் குன்றுவதாகவும் அவர்கள் முறையிட்டனர். இம்முறைப்பாடுகள் எவ்வளவு மெய் என்பதை விஞ்ஞானம் ஆராயட்டும். ஆராயுமுன்னரே அவற்றைத் தள்ளிவிடுவது அநீதியாகும்.

ஒரு தீவின் பொருட்டு நாடு இருளில் கிடப்பதா என்று வினவுவோர் உளர். இவ்வினா அத்தீவை நாட்டிலிருந்து முன்கூட்டியே நீக்கிவிடுகின்றது. இது நமக்குப் புதிதன்று. 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபானா முதலாக மலையகத்து நீர் நாட்டுக்கு ஒளியூட்டியது. அதே மலைகளில் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன.

எந்த ஊரும் தன் மண்ணில் எதுவும் வேண்டாமெனக் கூறலாம் என்று நாம் வாதிடவில்லை. எல்லா ஊர்களும் அவ்வாறு கூறின், நுரைச்சோலையே எஞ்சும். நாம் கேட்பது வேறு.

1990களிலிருந்து சப்ரகமுவ மலைக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்து, ஓடைகளில் எழுந்த சிறு நீர்மின் நிலையங்களைத் தாமே நடத்தினர். ஓடையும் பொது, நிலையமும் பொது, முடிவும் பொது என்பதே அங்கு நிலவிய முறை. நூறு மெகாவாற் நிலையமொன்றை ஒரு கிராமச் சங்கம் கட்டிவிட இயலாது என்பது மெய்யே. எனினும் இடத்தெரிவில் வாக்கும், வருவாயிற் பங்கும், கணக்குக் கேட்கும் உரிமையும் மக்களுக்கு வழங்குவதற்கு எந்தத் தொழினுட்பமும் தடையாக நிற்கவில்லை. தடையாக நிற்பது, மக்களை நிலத்தின் ஒரு பகுதியாக மாத்திரம் காணும் மனப்பான்மையே.

எத்தனை சதவீதத்தை எட்டினோம் என்று 2030இல் அரசு கணக்கிடும். அச்சதவீதம் யாருடைய தோளில் ஏற்றப்பட்டது என்ற கணக்கைக் கேட்பது நமது கடமையாகும்.