மறந்துவிடு என்பது அறமா?

பெருந்துன்பத்தில் அடிபட்டு மீண்டவனைக் கண்டால் நம்மவர் முதலில் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்பதே அது. இதைச் சொல்பவர் எவரும் தீயவர் அல்லர். ஆறுதல் கூற விரும்பியே சொல்கின்றனர். எனினும், நல்லெண்ணத்தோடு கூறப்படும் சொற்களெல்லாம் நன்மை பயந்துவிடுவதில்லை. மறத்தல் என்பது ஒருவன் விரும்பியபோது செய்யக்கூடிய செயல்தானா? செய்ய இயலாதவனை நோக்கி அதனைச் செய் என்று பணிப்பது அறமாகுமா? இவ்விரு வினாக்களையும், நம் தோட்டங்களிலிருந்தே ஆயிரமாயிரம் பேரை வாரிக்கொண்டு போன ஒரு கொடுமையை முன்வைத்து ஆராய்வோம்.

'சயாம் மரண ரயில்' என்னும் பெயரைக் கேளாத மலேசியத் தமிழர் அரியர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறிற்று. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. தாய்லாந்தின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தூரத்துக்குக் காட்டையும் மலையையும் அறுத்து ஓர் இருப்புப்பாதை போட ஜப்பானியர் முனைந்தனர். 1942இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளாகப் பிடிபட்ட வெள்ளையர் சுமார் 60,000 பேர் அதில் வாட்டப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ 1,80,000 பேருக்குக் குறையார் என்றும், அவருள் மாண்டவர் சுமார் 90,000 என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பலர் தோட்டத் தமிழர்.

யுத்தத்தால் ரப்பர் வாணிகம் நின்றது. தோட்டங்களில் கூலியும் அரிசியும் அருகின. அந்த வேளையில், "சிறிது கால வேலை, நல்ல சம்பளம்" என்று ஆசை காட்டினர். ஆசைக்கு இணங்காதவரைப் பிடித்தே அனுப்பினர். துரைமார் சிறைப்பட்டுவிட்ட தோட்டங்களில், ஆட்கணக்கு ஒப்புவிக்கும் பொறுப்பு கிராணிமார் மீதும் கங்காணிமார் மீதும் விழுந்தது. மூடிய சரக்கு வண்டிகளில் அடைபட்டு மக்கள் வடக்கே போயினர். அங்கே வாந்திபேதி, சீதபேதி, மலேரியா, எலும்பு தெரிய அழுகும் புண் ஆகியவை காத்திருந்தன. கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர். மருத்துவர் சிலராவது இருந்தனர். நம் மக்களுக்கு அதுவும் இல்லை. அதனாலேயே நம்மவர் சாவு இத்தனை மிகுந்தது.

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. பிழைத்தவர் சிறுகச் சிறுகத் திரும்பினர். அவருள் ஒருவனை மனக்கண்ணால் காண்போம். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்துக்கு அவன் வந்து சேர்கிறான். உடம்பு தேறுகிறது, பால்மரம் வெட்டப் போகிறான். ஆனால் விடியற்காலையில் பெரட்டு மணி அடித்தால் அவன் நடுங்கி எழுகிறான். குப்பை எரியும் புகை மூக்கில் பட்டால், வாந்திபேதியில் செத்தவரைக் குவித்து எரித்த நெருப்பு அவன்முன் எரிகிறது. புகைவண்டிச் சத்தம் கேட்கும் இடத்துக்கு அவன் போவதில்லை. இரவில் கூவி எழுகிறான். அற்பக் காரணத்துக்குப் பிள்ளையை அடிக்கிறான்; பின் தனியே அமர்ந்து அழுகிறான். உறக்கம் வேண்டிக் கள்ளுக்கடைக்குப் போகிறான்.

ஊர் அவனுக்கு என்ன தீர்ப்பு வழங்கும்? ஒருவர், "பேய் பிடித்திருக்கிறது" என்று பூசாரியை அழைப்பார். இன்னொருவர், "குடிகாரன், திருந்தமாட்டான்" என்பார். மூன்றாமவர், "போனவரெல்லாம் இவனைப் போலவா இருக்கிறார்கள்? இவன் கோழை" என்பார். முற்றிவிட்டால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி பேசுவர். 1911இல் அங்கே நிறுவப்பட்ட மனநோய் மருத்துவமனையின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிக் கொண்டவர்கள் அல்லவா? கள்ளை ஒழிக்கப் பாடுபட்ட நல்லோர் நம்மிடையே பலர் இருந்தனர். அவர் பணி போற்றற்குரியது. ஆனால், கள்ளுக்கடை வாசலில் நின்றவனைப் பார்த்து, "எதை மறக்க நீ குடிக்கிறாய்?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

தமிழ் இலக்கணம் காலத்தை மூன்றாகப் பகுக்கிறது: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். இறந்தகாலம் என்றால் கடந்து போன காலம். இந்நோயின் இயல்பை அறிய இவ்வொரு சொல்லே போதும். நோயாளிக்கு அந்தக் காலம் இறக்கவில்லை, கடக்கவுமில்லை. நாம் ஒன்றை நினைக்கும்போது, அது அன்று நடந்தது என்ற உணர்வும் கூடவே இருக்கும். அவனுக்கோ அது இன்று, இப்பொழுது, இங்கே நடக்கிறது. கனவாகவும் காட்சியாகவும் அது தானே வந்து புகுகிறது. அதற்கு அஞ்சி, அதை நினைவூட்டும் இடம், ஒலி, மனிதர் அனைத்தையும் அவன் விலக்குகிறான். ஆபத்து முடிந்தபின்னும் மூளையின் எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறது, உறக்கம் கெடுகிறது, சினம் பொங்குகிறது. ஒரு மாதத்துக்கு மேலும் இவை நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று மருத்துவர் அதனைக் குறிப்பர். இது பேயும் அன்று, கோழைத்தனமும் அன்று.

இவ்வறிவு உலகுக்கும் எளிதில் வந்துவிடவில்லை. முதல் உலக யுத்தத்தில் பீரங்கிக் குண்டுகளின் நடுவே மனம் சிதைந்த சிப்பாய்களைக் கண்டு, 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ ஏட்டில் எழுதினார். அதே யுத்தத்தில், படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் இராணுவம் சுட்டுக் கொன்ற தன் வீரர்கள் 306 பேர். அவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது 2006இல்! வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியோரின் துயரம் கண்ட பின்னரே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இக்கோளாற்றைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. அதாவது, நம் தோட்டத்துத் தொழிலாளி திரும்பி வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே அவன் நோய்க்கு இப்பெயர் கிடைத்தது. பட்டவருள் பலர் அதற்குள் மடிந்து போயினர்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "அதே துன்பம் பட்டவருள் பலர் நன்றாக இருக்கிறார்களே, இவன் மட்டும் நொறுங்குவது மனத்திண்மை இன்மையால் அன்றோ?" என்பர். பலர் தேறிவிடுகின்றனர் என்பது உண்மையே. உலக மக்களில் நூற்றுக்கு 70 பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் கொடிய அதிர்ச்சிக்கு ஆளாகின்றனர் என்றும், அவருள் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவானோரே இந்நோய்க்கு இரையாகின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அதே முகாமில் அதே ஆற்று நீரைக் குடித்தவருள் ஒருவன் வாந்திபேதியால் மாண்டான், ஒருவன் பிழைத்தான். மாண்டவனைக் கோழை என்று நாம் சொன்னோமா? குடலின் நோய்க்கு ஒரு நீதி, மனத்தின் நோய்க்கு வேறொரு நீதியா?

மேலும், யார் தேறுவர், யார் தேறார் என்பதை ஆராய்ந்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். அதிர்ச்சியின் கொடுமை மட்டும் அதனை முடிவு செய்வதில்லை. அதற்குப்பின் அவனுக்குக் கிடைக்கும் ஆதரவும், அல்லது ஆதரவின்மையும், முடிவு செய்கிறது. இதுவே நம் வினாவின் உயிர்நிலை. சயாமில் நடந்தது ஜப்பானியர் செய்தது. திரும்பியபின் லயத்தில் நடப்பது நாம் செய்வது. முன்னதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லோம். பின்னதற்குப் பொறுப்பில்லை என்று கூற நமக்கு வாயில்லை.

ஆதரவு என்ன செய்யவல்லது என்பதற்கு அதே பாதையிலிருந்து ஒரு சான்று காட்டுவேன். எரிக் லோமாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, 1943இல் காஞ்சனபுரியில், வானொலிக் கருவி ஒன்றை மறைத்து வைத்த குற்றத்துக்காகச் சித்திரவதை செய்யப்பட்டார். நாடு திரும்பியும் நாற்பது ஆண்டுகள் அவர் மனம் அந்த அறையிலிருந்து வெளியேறவில்லை. பின்னர், மனைவியின் துணையாலும், சித்திரவதைக்கு ஆளானோரைப் பேணும் லண்டன் நிறுவனம் ஒன்றின் சிகிச்சையாலும் அவர் வாய் திறந்தார். 1993இல், அன்று தம்மை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகாசே தகாஷியைக் குவாய் ஆற்றங்கரையில் சந்தித்தார். 1995இல் தம் கதையை நூலாக வெளியிட்டார். அவருக்கு மனைவி இருந்தாள், மருத்துவம் இருந்தது, கேட்பதற்கு ஓர் உலகம் இருந்தது. காஞ்சனபுரியின் யுத்த மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளின் கல்லறைகள் வரிசை குலையாமல் நிற்கின்றன. நம்மவருக்கு அவ்வாறு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. உடலும் காணாமல், செய்தியும் பெறாமல், தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று அறியாமல் காத்திருந்த பெண்களின் துயரத்துக்கு எந்த மருத்துவர் பெயரிட்டார்?

இந்த அறிவு தமிழில் இல்லாமல் இல்லை. ஈழத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள் 'மனவடு' என்னும் நூலைத் தமிழ்மக்களுக்காக எழுதினார். என்ன அருமையான சொல்! வடு என்றால் காயம் ஆறிய தழும்பு. வடு மறைவதில்லை, ஆனால் வலிப்பதும் இல்லை. தனிமனிதன் மட்டுமன்றிக் குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன என்பதையும், ஆகவே குடும்பமும் ஊரும் சேர்ந்தே ஆற வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

இனி மருத்துவம் யாது செய்கிறது? மறக்கச் செய்வதில்லை. இதனை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் முன்னிலையில், அச்சமற்ற சூழலில், நோயாளி தான் விலக்கி ஓடிய நினைவைச் சிறிது சிறிதாக அணுகுகிறான். "நான் தப்பிப் பிழைத்தது குற்றம்" என்பன போன்ற பொய் எண்ணங்களை எடுத்து ஆராய்கிறான். பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள் வரை இது நடைபெறும். கண்ணசைவைத் துணையாகக் கொண்ட முறை ஒன்றும் உண்டு. செர்ட்ரலின் முதலிய மருந்துகளும் பலருக்கு உதவுகின்றன. இவற்றின் பயன், நடந்தது நடந்ததாகவே நின்றும், அது இறந்தகாலத்தில் தன் இடத்தைப் போய்ச் சேர்வதே. காயம் வடுவாகிறது.

மறந்துவிடு என்பது பிழையாயின், "சொல்லித்தான் ஆகவேண்டும்" என்று வற்புறுத்துவது சரியாகுமா? அதுவும் ஆகாது. ஆபத்து நேர்ந்த உடனே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியது. அது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று பின்னர் கண்டறிந்தனர். மௌனத்தைக் கட்டளையிடுவோனும் பேச்சைக் கட்டளையிடுவோனும் செய்வது ஒன்றே: துன்பம் பட்டவனுடைய துன்பத்தின்மேல் அவனுக்கே அதிகாரம் இல்லை என்பது. சயாமில் அவனிடமிருந்து பறிக்கப்பட்டதும் அந்த அதிகாரம்தான். அதைத் திரும்ப அவன் கையில் கொடுப்பதே மருத்துவம். அதுவே அறமும் ஆகும்.

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே நிலத்தின்மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஆனால் மனிதர் மனம் மாறவில்லை. நெடுஞ்சாலை விபத்தில் நண்பன் சாகக் கண்ட இளைஞன், கணவனின் அடிக்கு ஆண்டுக்கணக்கில் அஞ்சி வாழ்ந்த பெண், சிறுவயதில் கெடுக்கப்பட்ட குழந்தை ஆகியோர் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையிலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே போவதை மானக்கேடு என்று எண்ணும் மடமைதான் தடையாக நிற்கிறது.

நான் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன். எங்கள் செக்ரோலில், வேலைக்கு வந்தவனுக்கு ஒரு குறி உண்டு. வராதவனுக்கு ஒரு குறி உண்டு. உடலால் வந்தும் மனத்தால் இன்னும் வந்து சேராதவனுக்குக் குறி எதுவும் இல்லை. எங்கள் ஏடுகளில் மட்டுமா இக்குறை? நம் குடும்பங்களின் கணக்கிலும், சங்கங்களின் கணக்கிலும், கோயில்களின் கணக்கிலும் அவனுக்கு இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்குவதற்குப் பொருள் வேண்டாம், புலமை வேண்டாம். "மறந்துவிடு" என்று நாவில் எழும் சொல்லை அடக்கிக்கொண்டு, "நீ சொல்ல விரும்பும்போது நான் கேட்பேன், மருத்துவரிடம் போக விரும்பினால் கூட வருவேன்" என்று கூறும் மனம் ஒன்றே வேண்டும்.