சிசுவின் மூளையும் தந்தையின் கையொப்பமும்

பிறந்த சிசுவுக்கு ஒட்சிசன் எட்டாதபோது மூளையின் கலங்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. சில மணி நேரம் கழித்து அழிவின் இரண்டாவது அலை வருகின்றது. இந்த இடைவேளையிலே புகுந்து மூளையைக் காக்கவல்ல மருந்து எது என்பது விஞ்ஞானத்தின் வினா. யாருடைய குழந்தையிடத்தில் அதனைச் சோதிப்பது என்பதோ விஞ்ஞானம் தனித்து விடையிறுக்கக் கூடியதன்று.

செல்வ நாடுகளில் இத்தகைய சிசுவை, பிறந்து ஆறு மணி நேரத்துள், 33 முதல் 34 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. இங்கும் அது பயன் தருமா? இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு வைத்தியசாலைகளில் 408 சிசுக்களிடம் ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழப் பாதிச் சிசுக்கள் குளிர்விக்கப்பட்டன. ஏனையவை வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றன. 2021 இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. குளிர்விக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 42 இறந்தன, ஏனையவற்றுள் 31.

செல்வனின் பிள்ளைக்குரிய சிகிச்சையை ஏழையின் பிள்ளைக்கு மறுத்துப் பார்ப்பதா என்று கேட்கத் தோன்றும். மறுக்கப்பட்டவையே கூடுதலாகப் பிழைத்தன என்பது இதற்கு விடையாகாது. பின்னர் கிடைத்த முடிவைக் கொண்டு முன்னர் செய்ததை அறமென நிறுவ முடியுமா? முடிவு எதிர்மாறாக அமைந்திருந்தால் என்ன சொல்வோம்? நம் சூழலில் எது நல்லதென்று தொடக்கத்தில் எவருக்கும் உறுதியாகத் தெரியாதிருந்தது என்பது ஒன்றே அவ்வாய்வுக்குரிய நியாயம்.

“எங்கள் பிள்ளைகள் சோதனை எலிகளல்லர்” என்னும் முழக்கத்தின் ஆவேசத்தை நான் மதிக்கின்றேன். ஆயினும், மேலைநாட்டில் வென்றதென்பதற்காக ஒரு சிகிச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு கைக்கொள்வதும் சோதனையே. அது ஒப்புதல் கேளாத, ஏட்டில் எழுதாத, இறந்தோரை எண்ணாத சோதனை.

எரித்ரோபொயட்டின் என்றொரு மருந்துண்டு. சிறுநீரக நோயாளரின் இரத்தச்சோகைக்கு அது வழங்கப்படுகின்றது. (வவுனியாப் பகுதியினர்க்கு அந்நோய் புதிதன்று.) குளிர்விப்புடன் அதனையும் சேர்த்து அமெரிக்காவில் 500 சிசுக்களிடம் நடத்திய ஆய்வு 2022 இல் வெளிவந்தது, பயன் காணப்படவில்லை, பாரதூரமான பக்கவிளைவுகளே மிகுந்தன. குளிர்விப்பின்றித் தனித்துக் கொடுத்தால் எப்படி என்பதைக் குளிர்விப்பே வழக்கமாகிவிட்ட நாட்டில் சோதித்தறிய முடியாது. சோதனை மீண்டும் நம் வாசலுக்கே வருகின்றது.

எனக்கு உறுத்துவது ஒப்புதல்தான். 2013 இல் இந்திய அரசு, மருந்துச் சோதனைகளில் ஒப்புதல் பெறுவதை ஒளி-ஒலிப்பதிவு செய்யவேண்டுமென விதித்தது. நல்லது. ஆனால் அக்கருவி முகத்தையும் குரலையும் பதியுமேயன்றி, விளங்கிக்கொண்டதைப் பதியாது. புளியங்குளத்திலிருந்து நோயாளர் காவுவண்டியில் ஏ9 வீதியால் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவள் மயக்கம் தெளியுமுன், வயலிலிருந்து ஓடிவந்த தந்தையிடம் தாள் நீட்டப்படுவதாகக் கொள்வோம். “ஐயா, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ” என்று கையொப்பமிடுகிறான். இது ஒப்புதலா, கும்பிடா?

அந்த ஆறு மணி நேரத்தை நீட்ட இயலாது. அதற்கு முந்திய ஒன்பது மாதம் நம்மிடமுண்டு. கர்ப்பவதிகள் கூடும் கிளினிக்கிலே, இப்படியும் நேரலாம், இவ்வாறு கேட்பார்கள், மறுத்தாலும் பராமரிப்புக் குறையாது என்று மருத்துவமாது முன்னரே சொல்லலாம். ஆய்வு முடிந்தபின், தன் பிள்ளை எந்தப் பிரிவில் இருந்தது, அப்பிரிவில் எத்தனை பேர் பிழைத்தனர் என்று அறியவும் அந்தத் தந்தைக்கு உரிமையுண்டு. ஆங்கிலச் சஞ்சிகையில் வெளியாகும் முடிவு அவன் வீட்டுக்குத் தமிழிற் கடிதமாக வரும் என்னும் வாக்குறுதியும், கையொப்பம் கேட்கும் அத்தாளிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.